சிவப்புத் தூணுக்கு மேலே

வெவி: ...கேபின் கதவு மூடிடுச்சு. இனி மலை உச்சி வரைக்கும் மூணு பேரும் ஒருத்தர்கிட்டேர்ந்து ஒருத்தர் தப்பிக்க முடியாது. சொல்லுங்க ரோமெத் சார், முகட்டு நாற்காலி லிஃப்டை இன்னிக்கு ஏன் திறக்க மாட்டீங்க? காரணம் கொஞ்சம் புதுசா இருந்தா நல்லா இருக்கும்.

ரோமெத்: காத்து, மேடம்.

வெவி: நேத்தும் அதைத்தான் சொன்னீங்க.

ரோமெத்: நேத்தும் அதுதான் அடிச்சுது.

காஸ்ஸியான்: முந்தாநாளும். நான் இந்தக் கம்பெனிக்குச் சேர்மனா இருக்குற இத்தனை வருஷத்துல, ஒரு லிஃப்ட் மூணு நாள் சேர்ந்தாப்புல நின்னு நான் பார்த்ததில்ல. முன்னெல்லாம் காத்து எங்களைப் பார்த்துப் பயப்படும்.

ரோமெத்: முன்னெல்லாம் முகட்டுல லிஃப்டே கிடையாதுங்க ஐயா. நாலு மலை ஆடு இருந்துது. அதுங்களும் காத்தடிச்சா இறங்கிடும்.

வெவி: இயக்கப் பொறுப்பாளர்னா லிஃப்டை இயக்கறவர்னு நினைச்சுத்தான் உங்களை வேலைக்கு எடுத்தேன். நிறுத்தறதுல பட்டம் வாங்கினவர்னு அப்புறம்தான் தெரிஞ்சுது.

ரோமெத்: நிறுத்தத் தெரியாதவங்களும் இருக்காங்க மேடம். அவங்களை மேனேஜிங் டைரக்டரா போட்டுடறாங்க.

காஸ்ஸியான்: கேட்டியா வெவி? இந்த வாயைத்தான் நீ முகட்டுக்கு அந்தப் பக்கத்துப் பள்ளத்தாக்குலேர்ந்து தேடிப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தே.

வெவி: என்னப்பா பண்றது? நல்லவங்க யாரும் விண்ணப்பம் போடல.

காஸ்ஸியான்: அந்தப் பள்ளத்தாக்கு ஆளுங்களே அப்படித்தான். சீஸை நாம செய்வோம், அதுல இருக்குற ஓட்டையை அவங்க வித்துடுவாங்க. சரி, விஷயத்துக்கு வர்றேன். எனக்குத் தலை வலிக்குது.

ரோமெத்: அது தெக்கத்திக் காத்து ஐயா. ஊர்ல பாதிப் பேருக்கு இன்னிக்குத் தலைவலி. மருந்துக்கடை வாசல்ல கூட்டம் நிக்குது. ஆனா முகட்டுல மட்டும் காத்தே இல்லைன்னு நீங்க சொல்றீங்க.

காஸ்ஸியான்: நான் இல்லைன்னு சொல்லல. இருந்தா என்னன்னு கேக்கறேன். இன்னிக்குக் கார்னிவல் சனிக்கிழமை. அந்தப் பக்கத்துலேர்ந்து மூவாயிரம் பேர் முகட்டைத் தாண்டி வரணும். வேஷம் கட்டிக்கிட்டு வரணும். நம்ம உச்சி ஹோட்டல் மாடியில சாப்பிட்டு, ஆடி, பாடி, சாயங்காலம் திரும்பணும். அவங்களை ஏத்திட்டு வர்றதுக்கு அந்த ஒரே ஒரு லிஃப்ட்தான். சமையல்காரன் ராத்திரியெல்லாம் தூங்காம பன்றிக்கால் வேக வெச்சிருக்கான்.

ரோமெத்: பன்றிக்கால் எங்கேயும் ஓடிடாதுங்க ஐயா.

காஸ்ஸியான்: நீங்க ஓடிடுவீங்க. அதைச் சொல்லத்தான் வந்தேன். இன்னிக்கு நீங்க கையெழுத்துப் போட்டா லிஃப்ட் ஓடும். போடலேன்னா, திங்கட்கிழமையிலேர்ந்து உங்க சீட்டுல வேற ஆள் உக்காந்து போடுவான். ஆள் பார்த்து வெச்சாச்சு.

ரோமெத்: ...மேடத்துக்கு இது தெரியுமா?

வெவி: எனக்கு... இப்பத்தான் தெரியும். ஆனா சேர்மன் சொன்னா சரியாத்தான் இருக்கும்.

ரோமெத்: கையெழுத்து சட்டப்படி என்னோடது ஐயா. நீங்க சேர்மன், இவங்க டைரக்டர். ஆனா காத்து விஷயத்துல என் பேச்சுதான் கடைசிப் பேச்சு.

காஸ்ஸியான்: கையெழுத்து உங்களோடது. பேனா கம்பெனியோடது.

வெவி: சண்டை வேணாம். நடுவுல ஒரு வழி இருக்கு. லிஃப்ட் பலகையில சிவப்பு விளக்கு போடாம ஆரஞ்சு போட்டுடலாம். "விரைவில் திறக்கும்."

ரோமெத்: மூணு நாளா அதே ஆரஞ்சுதான் எரியுது மேடம். ஒரு பெரியவர் நேத்து அந்தப் பலகைக்கு முன்னாடி நாற்காலி போட்டு உக்காந்துட்டார். விரைவில்னு போட்டிருக்கே, இருந்து பார்த்துட்டே போறேன்னார்.

வெவி: அவருக்குச் சூப் வித்தோமில்ல?

ரோமெத்: ரெண்டு தடவை.

வெவி: அப்புறம் என்ன? ஆரஞ்சு வேலை செய்யுது.

காஸ்ஸியான்: இன்டர்நெட்ல முகட்டைக் காட்டற அந்த கேமராவையும் திருப்பி வைங்க. வீட்ல உக்காந்து பார்க்கிறவனுக்கு முகட்டு நாற்காலி ஆடறது ஏன் தெரியணும்? வெயில் பக்கமா திருப்புங்க. தெக்கேர்ந்து வர்ற காத்துதானே... தென்றல்னு எழுதிட்டாப் போச்சு.

ரோமெத்: நேத்து இந்தத் தென்றல் கழிவறைக் கூரையைத் தூக்கிட்டுப் போய் பிஞ்சுக் குழந்தைங்க பனியில சறுக்கற இடத்துல வெச்சுதுங்க ஐயா. ஆளில்லாத நேரம். நல்ல வேளை.

காஸ்ஸியான்: கூரை இல்லேன்னா என்ன? காத்தோட்டமா இருக்கும்.

வெவி: அதுக்கும் ஒரு புகார் வந்திருக்குப்பா. இந்த வாரத்துப் புகார் எல்லாம் படிச்சியா? மலை ரொம்பச் சரிவா இருக்குன்னு ஒருத்தர் எழுதியிருக்கார். பனி சத்தம் போடுதுன்னு ஒருத்தர். ராத்திரி பனியைச் சமன் பண்ற வண்டியோட விளக்கு ரொமான்ஸைக் கெடுக்குதுன்னு ஒரு ஜோடி.

ரோமெத்: அந்த ஜோடி சரிவுல நடுவுல கம்பளி விரிச்சு உக்காந்திருந்தாங்க. வண்டிக்குப் பின்னாடி இழுவைக் கம்பி இருட்டுல தெரியாது. அதுல மாட்டியிருந்தா ரொமான்ஸ் ரெண்டு துண்டு.

வெவி: நீங்க அவங்களைத் திட்டியிருக்கீங்க.

ரோமெத்: எழுந்திருக்கச் சொன்னேன்.

வெவி: "வீட்ல கட்டில் இல்லையா"ன்னு கேட்டிருக்கீங்க. அதையும் எழுதியிருக்காங்க.

ரோமெத்: நியாயமான கேள்வி, மேடம்.

காஸ்ஸியான்: இதோ... சிவப்புத் தூண்! ஆயிரம் மீட்டர். தாண்டியாச்சு. ரோமெத், இனி ஐயா கிடையாது, நீங்க கிடையாது. மலைமேல எல்லாரும் எல்லாருக்கும் நீதான். எங்க அப்பா போட்ட சட்டம்.

ரோமெத்: உத்தரவு வேறயா? எனக்கு இந்தக் கம்பெனியில பிடிச்ச ஒரே தூண் இதுதான். காஸ்ஸியான்...

காஸ்ஸியான்: சொல்லு.

ரோமெத்: உனக்குப் புத்தி இருக்கா?

காஸ்ஸியான்: இது! இதுதான் மலை. கீழே இருந்தா இதைக் கேக்க மூணு கடிதம் எழுதியிருப்பே.

ரோமெத்: தூணைத் தாண்டினதும் கேபின் எப்படி ஆட ஆரம்பிச்சுதுன்னு பார்த்தியா? இது கம்பியில தொங்குற மூடின பெட்டி. முகட்டுல இருக்கறது திறந்த நாற்காலி. இங்க இவ்வளவு ஆடினா அங்க என்ன ஆகும்னு நீயே யோசி.

காஸ்ஸியான்: ஆடறதுக்குத்தானே கார்னிவல்.

வெவி: அப்பா, நீ ஜன்னல் பக்கம் சாயாதே. ரோமெத், நீங்க ரேடியோவுல கேளுங்க, வேகத்தைக் குறைச்சுட்டாங்களான்னு.

ரோமெத்: குறைச்சுட்டாங்க. நீங்க அந்தக் கைப்பிடியைப் பிடிச்சுக்குங்க.

வெவி: எனக்குத் தெரியும். நான் இந்தக் கேபின்ல பிறந்தவ.

காஸ்ஸியான்: அது உண்மைதான். இவ அம்மா பாதி வழியில "நேரம் வந்துடுச்சு"ன்னா... நான் கம்பியைத் திருப்பி ஓட்டச் சொன்னேன். பின்னாடி வந்த அத்தனை பேரும் பின்பக்கமாவே கீழே போனாங்க. ஒரு புகார் வரல, தெரியுமா? அந்தக் காலத்து விருந்தாளிங்க.

ரோமெத்: அந்தக் காலத்துல புகார் எழுத இடமில்ல. இப்ப எல்லார் கையிலயும் ஃபோன் இருக்கு.

காஸ்ஸியான்: ரோமெத், நான் ரொம்பக் கேக்கல. நாள் பூரா ஓட்டச் சொல்லல. ஒரு தடவை. பதினோரு மணிக்கு ஒரே ஒரு சுத்து. அப்புறம் நிறுத்திக்கோ, பூட்டிக்கோ, மேல ஏறிப் படுத்துத் தூங்கு.

ரோமெத்: ஒரு சுத்துல காத்து கண்ணை மூடிக்குமா?

காஸ்ஸியான்: போன வாரம் காத்து கொஞ்சம் அடங்கினப்போ திறந்தியே?

ரோமெத்: அடங்கினப்போ திறந்தேன். அடங்கும்னு திறக்கல.

வெவி: அப்பா, இவர்கிட்ட பேசிப் பிரயோஜனம் இல்ல. இவருக்கு மனுஷங்க சொன்னாக் கேக்காது, காத்தை அளக்கற கருவி சொன்னாத்தான் கேக்கும். ரோமெத், நீங்க கல்யாணம் பண்ணிக்கிட்டா அந்தக் கருவியைத்தான் பண்ணிக்கணும்.

ரோமெத்: அது பொய் சொல்லாது. அது ஒரு வசதி.

வெவி: நீங்க என்னைப் பொய்க்காரின்னு சொல்றீங்களா?

ரோமெத்: ஆரஞ்சு விளக்கை நீங்கதானே கண்டுபிடிச்சீங்க?

வெவி: என்னப்பா? ஏன் எங்க ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பார்க்கிற?

காஸ்ஸியான்: ஒண்ணுமில்ல. பேசுங்க, பேசுங்க. நல்லா இருக்கு.

ரோமெத்: இவங்க டைரக்டரா இருக்குற வரைக்கும் எனக்கு எந்தப் பிரச்சினையும் இல்ல. இவங்க விளக்குப் போடட்டும், நான் லிஃப்ட் ஓட்டறேன்.

காஸ்ஸியான்: இவங்க.

ரோமெத்: ம்?

காஸ்ஸியான்: "இவங்க"ன்னே. தூணைத் தாண்டி எவ்வளவு தூரம் வந்துட்டோம், பார்த்தியா? மரமெல்லாம் முடிஞ்சு போச்சு. உனக்கு நான் "நீ". அவளுக்கும் நான் "நீ". நீங்க ரெண்டு பேர் மட்டும் "நீங்க, நீங்க"ன்னு ஒருத்தர் மேல ஒருத்தர் பன்னீர் தெளிச்சுக்கறீங்க.

வெவி: அது... பழக்கம்ப்பா. ஆபீஸ் பழக்கம்.

காஸ்ஸியான்: எந்த ஆபீஸ்? இதே கேபின்ல முதல் ரெண்டு குளிர்காலம் என்ன பேசினீங்க? "நீ ஒரு மாடு"ன்னா. "நீ ஒரு கழுதை"ன்னான். எனக்குக் காதுக்கு அவ்வளவு இனிமையா இருக்கும். இந்தக் குளிர்காலம் மட்டும் என்ன மரியாதை பொங்குது?

ரோமெத்: மரியாதை குடுத்தா தப்பா?

காஸ்ஸியான்: இங்க தப்பு. போன மாசம் வரி ஆபீசர் வந்தார், மேல வந்ததும் "நீ"தான். பிஷப் மணியடிச்சு ஆசீர்வாதம் பண்ண வந்தார், அவரும் "நீ"தான். "காஸ்ஸியான், நீ சர்ச்சுக்கு ஏன் வரல"ன்னு கேட்டார், "உன் பெஞ்சு கட்டைப்பெஞ்சு"ன்னேன். இந்த மலையில "நீங்க" வாங்கினது யாருன்னு நினைச்சுப் பார்க்கிறேன்... பிணம்கூட வாங்கினதில்ல.

வெவி: சின்ன விஷயத்தை இழுக்காதே. முகட்டு லிஃப்டைப் பத்திப் பேசு. நீ சொல்றது சரி, ஆனா... இன்னிக்குத் திறக்கறதுல கொஞ்சம் சிக்கல் இருக்கத்தான் செய்யுது. காலையில சோதனை ஓட்டத்துல ஒரு காலி நாற்காலி தூணுல போய் இடிச்சிருக்கு. கால் வைக்கிற கம்பி வளைஞ்சு போச்சாம்.

காஸ்ஸியான்: அப்படியா? இதை எப்போ உன்கிட்ட சொன்னாங்க?

வெவி: இவர்தான்... இப்போ...

காஸ்ஸியான்: இவர் கேபின்ல ஏறினதுலேர்ந்து இடிச்சதைப் பத்தி வாயைத் திறக்கல. ரோமெத், மேலேர்ந்து உனக்கு அந்தத் தகவல் எப்போ வந்துது?

ரோமெத்: விடியக்காலையில. ஃபோன்ல. காபி குடிச்சிட்டிருந்தேன்.

காஸ்ஸியான்: வெவி, நீ என்ன பண்ணிட்டிருந்தே?

வெவி: ...காபி குடிச்சிட்டிருந்தேன்.

காஸ்ஸியான்: வேற காபியா?

வெவி: அதே காபிதான்ப்பா.

ரோமெத்: காஸ்ஸியான், உக்காரு. கேபின் ஆடுது.

காஸ்ஸியான்: கேபின் ஆடலடா. நான் ஆடறேன். எத்தனை நாளா?

வெவி: நாள் கணக்கெல்லாம் இல்லப்பா. கல்யாணமே ஆயிடுச்சு.

காஸ்ஸியான்: என்னது!

வெவி: அக்டோபர்ல. மாடெல்லாம் மலையிலேர்ந்து இறங்கின பிறகு. லிஃப்டெல்லாம் பழுது பார்க்க நிறுத்தியிருந்தோமே, அப்போ. வேற எப்போப்பா நம்ம தொழில்ல கல்யாணம் பண்ண முடியும்? டிசம்பர் வந்துட்டா மூச்சு விடறதுக்கே ஆள் மாத்தணும்.

காஸ்ஸியான்: எங்க?

ரோமெத்: இன்ஸ்ப்ருக் நகரத்துப் பதிவு ஆபீஸ்ல.

காஸ்ஸியான்: சாட்சி யாரு?

வெவி: கம்பியைப் பரிசோதிக்க ரெண்டு பேர் வந்திருந்தாங்களே...

காஸ்ஸியான்: கேபிள் இன்ஸ்பெக்டருங்களா!

ரோமெத்: கம்பி நல்லா இருக்குன்னு கையெழுத்துப் போட்டாங்க. அதே கையோட எங்களுக்கும் போட்டாங்க.

காஸ்ஸியான்: எத்தனை வருஷத்துக்கு உத்தரவாதம்?

ரோமெத்: வருஷா வருஷம் எண்ணெய் விடணுமாம்.

காஸ்ஸியான்: சிரிக்காதே! பெத்த மக கல்யாணம், எனக்கு ஒரு வார்த்தை இல்ல. கம்பி பார்க்க வந்தவனுக்கெல்லாம் தெரிஞ்சிருக்கு. அப்ப போர்டு கூட்டத்துல ரெண்டு பேரும் கத்தினது? போன தடவை தண்ணி டம்ளரைத் தட்டி விட்டியே, வெவி?

வெவி: அது நிஜம்ப்பா. பனி பீச்சுற மெஷினுக்கு ஏரித் தண்ணி எவ்வளவு எடுக்கறதுங்கற சண்டை. வீட்டுக்குப் போயும் முடியல.

ரோமெத்: இன்னும் முடியல.

காஸ்ஸியான்: அப்ப இந்த "நீங்க" எதுக்கு? திட்டற மாதிரியே "நீ"ன்னு திட்டிட்டுப் போயிருந்தா எனக்கு ஜென்மத்துக்கும் தெரிஞ்சிருக்காதே.

வெவி: முடியலப்பா. முயற்சி பண்ணினோம். இவர் "நீ"ன்னு சொன்னாலே எனக்குச் சிரிப்பு வந்துடுது. குரல் காட்டிக் குடுத்துடும்னு பயம். அதனால மேலேயும் "நீங்க"ன்னே வெச்சுக்கலாம்னு...

காஸ்ஸியான்: மறைக்கிறதுக்கு மரியாதையைப் போட்டுப் போத்தியிருக்கீங்க. அதுவும் எவன்கூட? அந்தப் பள்ளத்தாக்கு ஆளு! உலகத்துல வேற பள்ளத்தாக்கே இல்லையா உனக்கு?

ரோமெத்: இதான் காரணம். முதல் நாளே என்கிட்ட நீ என்ன சொன்னேன்னு நினைவிருக்கா? "அந்தப் பக்கத்து ஆளு எங்க கம்பியைத் தொடலாம், எங்க மேஜையில உக்காரக் கூடாது"ன்னே.

காஸ்ஸியான்: அது தமாஷு.

ரோமெத்: யாரும் சிரிக்கல.

வெவி: அது மட்டும் இல்லப்பா. என் கவலை வேற. தெரிஞ்சு போனா என்ன ஆகும்? இவர் லிஃப்டை மூடினா, பொண்டாட்டியைப் பழி வாங்கறான்னு சொல்லுவாங்க. திறந்தா, மாமனாருக்காகத் திறந்துட்டான்னு சொல்லுவாங்க. இவர் காத்தைப் பார்த்துத்தான் முடிவு பண்ணினார்னு அப்புறம் ஒருத்தர் நம்ப மாட்டாங்க. ஒரு நாள் ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா...

ரோமெத்: ஆகாது.

வெவி: ஆகக் கூடாது. அதான் சொல்றேன்.

காஸ்ஸியான்: சரி... சரி. கோபப்பட்டு என்ன பண்றது. ஆனது ஆச்சு. மாப்பிள்ளை...

ரோமெத்: வேண்டாம்.

காஸ்ஸியான்: என்ன வேண்டாம்? இன்னும் கேக்கவே இல்லையே.

ரோமெத்: குரல்லயே தெரியுது.

காஸ்ஸியான்: குடும்பம்னு ஆயிடுச்சு. வரதட்சணை கேட்டேனா? விருந்து கேட்டேனா? மாமனாருக்காக ஒரு சுத்து. பதினோரு மணிக்கு.

ரோமெத்: பார்த்தியா வெவி? ஒரு நிமிஷம்கூட ஆகல.

காஸ்ஸியான்: ...அடப்பாவி. "பார்த்தியா"ன்னானே. குரல் நிஜமாவே மாறுது.

வெவி: நான் சொன்னேனில்ல?

காஸ்ஸியான்: பேச்சை மாத்தாதே. மாப்பிள்ளையா இருந்தாலும் சரி, மலை ஆடா இருந்தாலும் சரி. நான் கீழே சொன்னது சொன்னதுதான். கையெழுத்து இல்லேன்னா திங்கட்கிழமை ஆள் மாறும்.

ரோமெத்: மாத்திக்கோ.

காஸ்ஸியான்: திங்கட்கிழமை எதுக்கு? இப்பவே. இந்த நிமிஷமே நீ வேலையில இல்ல.

வெவி: அப்பா, அது முடியாது.

காஸ்ஸியான்: ஏன் முடியாது? புருஷனுக்காகப் பேசறியா?

வெவி: டைரக்டரா பேசறேன். பொறுப்பாளர் இல்லாத மலையில சட்டப்படி ஒரு நாற்காலி அசையக் கூடாது. முகட்டு லிஃப்ட் மட்டும் இல்ல, எல்லாம். இந்தக் கேபினும். நீ இவரை இப்ப நீக்கினா நாம இங்கேயே தொங்கணும்.

காஸ்ஸியான்: துணைப் பொறுப்பாளர் ஒருத்தன் இருக்கானே?

ரோமெத்: கால் ஒடிஞ்சு ஆஸ்பத்திரியில கிடக்கான்.

காஸ்ஸியான்: சறுக்கும்போதா?

வெவி: ஆபீஸ் படிக்கட்டுல. ஐஸ் இருக்குன்னு அவனே பலகை வெச்சான். பலகையைப் படிக்கக் குனிஞ்சான்.

காஸ்ஸியான்: நல்ல கம்பெனிடா இது. நானே கட்டினேன்.

ரோமெத்: காஸ்ஸியான், அந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் துடை. இடது பக்கம். முகடு தெரியுதா?

காஸ்ஸியான்: தெரியுது.

ரோமெத்: நாற்காலியைப் பாரு. காலியா இருக்கும்போதே கம்பிக்கு மேல வரைக்கும் வீசுது. அதுல அப்பா, அம்மா, நடுவுல குழந்தைன்னு உக்காருவாங்க. கார்னிவல்னு கரடி வேஷம், தேனீ வேஷம் போட்டிருப்பாங்க. குழந்தை காலைத் தொங்கப் போட்டு ஆட்டும். தூணுக்குப் பக்கத்துல வரும்போது...

வெவி: போதும் ரோமெத்.

ரோமெத்: தென்றல்னு எழுதிடலாமா, காஸ்ஸியான்?

காஸ்ஸியான்: ...வேண்டாம்.

ரோமெத்: நான் வேலைக்காகப் பிடிவாதம் பிடிக்கல. வேலை போனா எங்க பக்கத்துல போய்ச் சீஸ் ஓட்டை விப்பேன். ஆனா இன்னிக்குக் கையெழுத்துப் போட்டேன்னா ராத்திரி இவ பக்கத்துல எனக்குத் தூக்கம் வராது.

வெவி: எனக்கும் வராது. அப்பா, நான் கீழே உன் பக்கம் பேசினது நடிப்பு. விளக்கும் கேமராவும் என் வேலை, அதுல எவ்வளவு வேணும்னாலும் ஏமாத்துவேன். காத்துல இவர் சொல்றதுதான். டைரக்டராவும் சொல்றேன், உன் மகளாவும் சொல்றேன். சிவப்பு விளக்கு போடப் போறேன். ஆரஞ்சு இல்ல, சிவப்பு.

காஸ்ஸியான்: போடு.

வெவி: என்ன?

காஸ்ஸியான்: போடுன்னேன். எனக்கு மட்டும் கண்ணு இல்லையா? அந்த நாற்காலியில நானே ஏற மாட்டேன்.

ரோமெத்: அப்ப திங்கட்கிழமை வர்ற ஆளு?

காஸ்ஸியான்: அவன் வரமாட்டான். அப்படி ஒருத்தன் இல்லவே இல்ல. இந்தச் சீசன்ல பொறுப்பாளர் கிடைக்கறதும், பாலைவனத்துல பனி கிடைக்கறதும் ஒண்ணு.

ரோமெத்: பொய்யா! அப்பனுக்கும் மகளுக்கும் ஒரே ஆரஞ்சு விளக்கு.

வெவி: இரு இரு. எனக்கு ஒண்ணு புரியல. மூவாயிரம் பேர் வரணும்னே. ஒரே சுத்து போதும்னும் சொன்னே. ஒரு சுத்துல அதுல கால்வாசிப் பேர்கூட வர முடியாதே. மிச்சப் பேர் எப்படித் திரும்பிப் போவாங்கன்னும் நீ கேக்கல.

காஸ்ஸியான்: கணக்குல நான் எப்பவும் வீக்கு.

வெவி: நீயா? காபிக்கடையில சர்க்கரைப் பொட்டலத்தை எண்ணறவன் நீ.

ரோமெத்: ஆமா, நானும் கேக்கணும்னு இருந்தேன். சவரம் பண்ணியிருக்கே. புதுத் தொப்பி. கேபின் பூரா ஒரு வாசனை. என்னை வேலையை விட்டுத் தூக்கறதுக்கா இவ்வளவு அலங்காரம்?

காஸ்ஸியான்: சேர்மன்னா ஒரு பொலிவு வேணும்.

வெவி: மூணு நாளா உனக்குச் சோறு இறங்கல. நான் ஏதோ வியாபாரக் கவலைன்னு நினைச்சேன்.

காஸ்ஸியான்: வியாபாரக் கவலைதான். பன்றிக்கால் வீணாயிடுமேன்னு.

வெவி: வீணாகாது. நான் ஏற்பாடு பண்ணிட்டேன். அந்தப் பக்கத்துக் கம்பெனியோட பேசியாச்சு. லிஃப்ட் இல்லேன்னா பஸ். மலையைச் சுத்தி, கணவாய் ரோடு வழியா. நம்ம பஸ்ஸெல்லாம் இப்ப கிளம்புது. அங்க காத்துட்டிருக்கறவங்களை ஏத்திட்டு மதியச் சாப்பாட்டுக்குள்ள வந்துடும்.

ரோமெத்: இதை நீ என்கிட்ட சொல்லவே இல்லையே.

வெவி: காபி குடிக்கும்போது நீ ஃபோன்லயே இருந்தே.

ரோமெத்: உச்சி வந்துடுச்சு. கதவு திறக்கும், பார்த்து இறங்குங்க. காஸ்ஸியான், கையைக் குடு... ஏன் எழுந்திருக்கல?

காஸ்ஸியான்: நான் இறங்கல. இதே கேபின்ல கீழே போறேன்.

வெவி: ஏன்ப்பா? விருந்துக்கு இருக்க மாட்டியா? எல்லாரும் பஸ்ஸுல வந்துடுவாங்கன்னு சொல்றேனே. அந்தப் பக்கம் போற வண்டிகூட எல்லாம் காலியாத்தான் போகுது...

காஸ்ஸியான்: காலியா போற வண்டியில ஒண்ணை நிறுத்தி வைக்கச் சொல்லு, நான் அந்தப் பக்கம் போறேன். மூவாயிரம் பேரும் பஸ்ஸுல வரட்டும். பதினோரு மணிக்கு என்னைப் பார்க்க வர்றேன்னு சொன்ன ஒருத்தி மட்டும் வர மாட்டா... வளைவு ரோடுன்னா அவளுக்கு வாந்தி வரும்.